பரம்பிலிருந்து பாந்தியன் தோட்டத்துக்கு

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து தென்கரையை அடைந்து, திருநெல்வேலிச் சாலையில் மேற்கு நோக்கிச் சில கல் தொலைவு சென்றால் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு தென்படும். ஆற்றுப் பாய்ச்சலில் வாழையும் நெல்லும் செழித்து நிற்கும் வயல்களுக்கு அருகிலேயே, சரளைக்கல் விரவிய இம்மேடு ஏர் படாமல் கிடக்கிறது. விளைநிலத்தை வாழ்வோருக்கு விட்டுவிட்டு, விளையாத மேட்டை இறந்தோருக்கு ஒதுக்கிய ஒரு பழங்குடிச் சமுதாயத்தின் இடுகாடு அது. 114 ஏக்கர் பரப்புள்ள இந்த மேட்டில், ஆறடிக்கு ஒன்றாகத் தாழிகள் புதைந்துள்ளன என்றும், ஓர் ஏக்கருக்கு ஆயிரம் தாழிகளுக்குக் குறையாது என்றும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு அகழ்ந்தவர் கணக்கிட்டார்.

ஆயினும், அந்த மேட்டில் கிடைத்த பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கலக் கலங்களையும் கண்ணால் காண விரும்பிய ஸ்ரீவைகுண்டத்துக்காரர் நூறாண்டுக்கும் மேலாக அந்த மேட்டுக்குப் போய்ப் பயனில்லை என்ற நிலையே இருந்தது. அவர் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னை எழும்பூருக்குப் போகவேண்டும். அங்கே பாந்தியன் சாலையில், ஒரு காலத்தில் கும்பினி அதிகாரி ஒருவரின் தோட்டமாளிகையாக இருந்த வளாகத்தில், அவரது ஊர்ப்பொருள்கள் கண்ணாடிப் பேழைகளுக்குள் இருக்கும். ஆற்றங்கரைப் பொருள்கள் அந்தத் தோட்டத்துக்குச் சென்ற வரலாறும், சென்றதனால் பெற்றதும் இழந்ததும் ஸ்ரீவைகுண்டத்தார் அறிந்திருக்க வேண்டிய செய்திகளாகும்.

தோட்டமாளிகையின் கதை

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சென்னைக் கோட்டைக்குள் நெருக்கிக்கொண்டு வாழ விரும்பாத கும்பினி அதிகாரிகளும் வணிகர்களும் கோட்டைக்கு வெளியே பரந்த நிலங்களைப் பெற்றுத் தோட்டவீடுகளைக் கட்டிக்கொண்டனர். நிழல்மரங்கள், அகன்ற தாழ்வாரம், உயர்ந்த தூண்கள், பல்லக்கும் குதிரைவண்டியும் வந்து நிற்க முகப்பு என்று அமைந்த இவ்வீடுகளில் அவர்கள் சிறு பாளையக்காரர்களைப்போல் வாழ்ந்தனர். அவ்வகையில் 1778ஆம் ஆண்டு, ஹால் புளூமர் என்னும் கும்பினி அலுவலருக்கு எழும்பூரில் 43 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. அவர் அரசாங்கக் கட்டடப் பணிகளை ஒப்பந்தத்துக்கு எடுத்து நடத்தியவருமாவார்.

1793இல் புளூமர் இத்தோட்டத்தை இருபத்துநால்வர் கொண்ட குழு ஒன்றிடம் ஒப்படைத்தார். நகரத்து ஐரோப்பியரின் பொழுதுபோக்குகளை நடத்துவது அக்குழுவின் வேலை. விருந்தும் நடனமும் நாடகமும் நடந்த இந்த இடத்துக்குப் ‘பாந்தியன்’ என்று பெயர் வழங்கிற்று. எல்லாத் தெய்வங்களுக்குமான கோயில் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். பெயர் மட்டும் சாலைக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. அங்கே விருந்தொலி எழுந்த அதே ஆண்டுகளில்தான் நெல்லைச் சீமையில் பாளையக்காரர்களின் கோட்டைகள் தகர்க்கப்பட்டன என்பதும், 1799 அக்டோபரில் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டான் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை. சென்னைத் தோட்டவீடுகளின் செல்வமும் தெற்கத்திச் சீமையின் வீழ்ச்சியும் ஒரே ஆட்சியின் இரு முகங்கள்.

1821இல் இம்மாளிகையும் நடுத்தோட்டமும் இ. எஸ். மூரட் என்னும் ஆர்மீனிய வணிகருக்கு விற்கப்பட்டன. 1830இல் அரசாங்கம் அவரிடமிருந்து 28,000 ரூபாய்க்குத் திரும்ப வாங்கிற்று. சிலகாலம் கலெக்டர் கச்சேரியாகவும் அது பயன்பட்டது. பிரபுவின் வீடு, கேளிக்கைக் கூடம், வணிகரின் சொத்து, கச்சேரி என்று எண்பது ஆண்டுகளுக்குள் பல வேடங்கள் பூண்ட பின்னரே அது அருங்காட்சியகமாயிற்று.

அருங்காட்சியகம் என்ற எண்ணத்துக்கு வித்திட்டது சென்னை இலக்கியச் சங்கம் என்பது, இலக்கிய வட்டம் ஒன்றின் மலரில் தனியே குறிக்கத்தக்கது. அச்சங்கம் 1846இல் விடுத்த வேண்டுகோளை லண்டனிலிருந்த கும்பினி இயக்குநர்கள் பின்னர் ஏற்றனர். சங்கம் அளித்த 1,100 நிலவியல் மாதிரிகளைக் கொண்டு, 1851இல் கல்லூரிச் சாலைக் கட்டடமொன்றின் மாடியில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்னும் மருத்துவர். பொருள்கள் பெருகி இடம் போதாமற்போகவே, 1854 டிசம்பரில் அது பாந்தியன் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது.

பால்ஃபர் மக்களைத் தோட்டத்துக்குள் இழுக்கும் வழியறிந்தவர். கர்நாடக நவாபிடமிருந்த விலங்குகளைக் கேட்டுப் பெற்று, அருங்காட்சியகத் தோட்டத்திலேயே 1855இல் ஒரு மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். புலியையும் சிறுத்தையையும் காண வந்த கூட்டம் கல்லையும் காசையும் கண்டு திரும்பியது. 1863இல் விலங்குகள் மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டன. கனவான்கள் மட்டுமே நுழைய முடிந்த தோட்டத்தில் எவரும் கால் வைக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது பால்ஃபர் காலத்தில்தான். இது அந்த மாளிகை பெற்ற மிகப் பெரிய மாற்றமாகும்.

பின்னர் வளாகத்தில் புதிய கட்டடங்கள் எழுந்தன. 1896இல் கன்னிமாரா பொது நூலகம் திறக்கப்பட்டது. அருங்காட்சியக அரங்கும் அக்காலத்ததே. ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி செந்நிறக் கற்களால் எழுந்த விக்டோரியா நினைவுக் கூடம் 1909இல் திறக்கப்பட்டது. 1951இல் அது தேசியக் கலைக்கூடமாயிற்று. ரவிவர்மாவின் ஓவியங்கள் அங்கு இடம்பெற்றன. கட்டடம் பழுதுற்றதால் 2002இல் மூடப்பட்டுப் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்ததும் அதன் வரலாற்றில் ஒரு பகுதியே. இவற்றுக்கிடையே புளூமரின் பழைய வீடு பின்னாளையக் கட்டடங்களுக்குள் கரைந்துபோயிற்று. 43 ஏக்கர் தோட்டத்தில் இன்று அருங்காட்சியக வளாகமாக எஞ்சியிருப்பது 16.25 ஏக்கர்.

மாளிகையும் அதற்குள் வந்த பொருளும்

மாளிகைகள் அருங்காட்சியகங்களாவது உலகெங்கும் நிகழ்ந்ததே. லண்டனில் மாண்டேகு பிரபுவின் மாளிகையில் 1759இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தொடங்கியது. பாரிசில் மன்னர்களின் லூவர் அரண்மனை புரட்சிக்குப் பின் 1793இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. புளூமரின் தோட்டம் கேளிக்கைக் குழுவின் கைக்குப் போனதும் அதே ஆண்டில்தான். தமிழ்நாட்டில் தஞ்சை அரண்மனையில் 1951இல் கலைக்கூடம் அமைந்தது. மதுரையில் இராணி மங்கம்மாளின் தமுக்கம் மாளிகை 1959இல் காந்தி நினைவு அருங்காட்சியகமாயிற்று. நாஞ்சில் நாட்டுப் பத்மநாபபுரம் அரண்மனை, 1956இல் அப்பகுதி தமிழகத்தோடு இணைந்த பின்னும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருந்து வருகிறது.

இவற்றுள் ஒரு வேறுபாடு உண்டு. பத்மநாபபுரத்தில் கட்டிலும் விளக்கும் சுவரோவியமும் தாம் இருந்த வீட்டிலேயே இருக்கின்றன. அங்கே வீடே காட்சிப்பொருள். பாந்தியனிலோ வீட்டுக்குரிய பொருள் ஒன்றும் எஞ்சவில்லை. வந்தவையெல்லாம் வெளியூர்ப் பொருள்கள். அமராவதித் தூபியின் பளிங்குச் சிற்பங்களைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்தெடுத்த சிற்பங்கள் கிருஷ்ணா நதிக்கரையிலிருந்து சென்னைக்கு வந்து, வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் கிடந்து, 1859இல் லண்டனுக்குக் கப்பலேறின. மற்றொரு பகுதி எழும்பூரிலேயே தங்கிற்று. இந்தத் தோட்டம் சில பொருள்களுக்குப் புகலிடமாகவும் சிலவற்றுக்கு இடைத்தாவளமாகவும் இருந்திருக்கிறது.

பரம்பு தோண்டப்பட்ட வரலாறு

ஆதிச்சநல்லூர்ப் பொருள்களுள் முதலில் ஊரைவிட்டுப் போனவை எழும்பூருக்கும் போகவில்லை. 1876ஆம் ஆண்டு, பெர்லினிலிருந்து வந்த டாக்டர் ஜாகோர், மாவட்டக் கலெக்டருடனும் பொறியாளருடனும் சென்று பரம்பின் ஒரு பகுதியைத் தோண்டினார். ஐம்பதுக்கு மேற்பட்ட வகையான மட்கலங்கள், இரும்பு ஆயுதங்கள், எலும்புகள், மண்டையோடுகள் ஆகியவை பெர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அந்நகரத்து இனவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு பகுதி இன்று, பழைய அரண்மனையின் முகப்பைத் திரும்பக் கட்டி எழுப்பிய கட்டடத்தில் காட்சிக்கு உள்ளது. பொருநைக்கரைச் சேகரிப்புக்கு உலகின் இருவேறு நகரங்களிலும் மாளிகையின் தொடர்பே வாய்த்தது எனலாம்.

அடுத்து வந்தவர் தென்வட்டாரத் தொல்லியல் துறைக் கண்காணிப்பாளர் அலெக்சாந்தர் ரீ. 1899 முதல் 1905 வரை பல பருவங்களில் அவர் இங்கு அகழ்ந்தார். இதுவரை அறியப்பட்ட வரலாற்றுக்கு முற்பட்ட இடங்களுள், தென்னிந்தியாவிலேனும், இதுவே மிகப் பரந்தது என்று அவர் கருதினார். இடையில் பாரிசிலிருந்து லூயி லாபிக் என்பவரும் வந்து சிறிது தோண்டிச் சென்றார். ரீ கண்டெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றின் பட்டியல் நூலை அவர் 1915இல் வெளியிட்டார். மண்டையோடுகளைப் பற்றிய சுக்கர்மனின் ஆய்வை அருங்காட்சியகமே 1930இல் அச்சிட்டது.

பாந்தியன் வளாகத்தில் இச்சேகரிப்பின் முன் நிற்பவர் முதலில் வியப்பது வெண்கலத்தைக் கண்டுதான். கலங்களின் மூடிகள் மேல் எருமையும் ஆடும் மானும் யானையும் புலியும் பறவைகளும் உருவங்களாக நிற்கின்றன. எருமையின் பின்வளைந்த கொம்பும், பறவையின் நீண்ட கழுத்தும் அவற்றை நாள்தோறும் பார்த்துப் பழகியவன் கையால் ஆனவை என்பதில் ஐயமில்லை. வயலிலும் ஆற்றோரத்திலும் இன்றும் காணும் உயிர்களே அவை. சிறிய பெண்ணுருவம் ஒன்றும் உண்டு. அதனைத் தாய்த்தெய்வம் என்பர். துளைகள் இட்ட வெண்கலக் கிண்ணம் வடிகட்டியாகப் பயன்பட்டிருக்கவேண்டும். நெற்றியில் கட்டுவதற்காக மெல்லிய தகடாக அடித்த பொற்பட்டங்கள் முனைகளில் துளையுடன் காணப்படுகின்றன.

இரும்புப் பொருள்கள் வேறொரு செய்தியைத் தருகின்றன. வாள், வேல், அம்புமுனை, மண்வெட்டி ஆகியவை இரும்பாலானவை. வெண்கலத்தில் ஆயுதம் செய்யப்படவில்லை. அழகுக்கும் சடங்குக்கும் வெண்கலம், உழைப்புக்கும் போருக்கும் இரும்பு என்று உலோகங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்த சமுதாயம் அது. சேவல் உருவமும் வேலும் ஒருங்கே கிடைத்ததைக் கொண்டு, முருக வழிபாட்டின் தொன்மையை அறிஞர் சிலர் இங்கே கண்டனர். திருச்செந்தூர் செல்லும் வழியிலேயே இப்பரம்பு அமைந்திருப்பதால் இக்கருத்து நெல்லை மக்களிடையே எளிதில் வேரூன்றியது.

பேழை சொல்லாதது

இவ்வளவும் காத்துத் தந்த தோட்டமாளிகைக்குத் தமிழகம் கடன்பட்டுள்ளது என்பதை மறுக்கவியலாது. சாலைக்கும் கட்டடத்துக்கும் சரளை தோண்டப்படும் மேட்டில் இப்பொருள்கள் விடப்பட்டிருந்தால், பொன் உருக்கப்பட்டிருக்கும், வெண்கலம் எடைக்குப் போயிருக்கும், மட்கலம் மிதிபட்டிருக்கும். கண்ணாடிப் பேழை அவற்றின் உருவத்தைக் காத்தது.

ஆனால் உருவத்தைக் காத்த பேழை காலத்தைச் சொல்லவில்லை. எந்தத் தாழியில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து ஒரு பொருள் கிடந்தது என்பதை அங்குலம் அங்குலமாகப் பதியும் முறை ரீயின் காலத்தில் நம் நாட்டில் வேரூன்றியிருக்கவில்லை. மார்ட்டிமர் வீலர் 1944இல் தொல்லியல் துறைத் தலைவராக வந்த பின்னரே அம்முறை இங்கு நிலைபெற்றது. கரிமக் காலக்கணிப்போ 1940களின் இறுதியில்தான் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. ஆதலின் கலங்களையும் வாள்களையும் வகைவகையாக அடுக்கிக் காட்டிய பட்டியலால், அவற்றின் வயதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நூறாண்டுக்காலம் அப்பொருள்கள் வயது தெரியாமலே பார்வையாளர்களை எதிர்கொண்டன.

விடை எழும்பூரில் கிடைக்கவில்லை; பரம்பிலேதான் கிடைத்தது. 2004, 2005 ஆம் ஆண்டுகளில் தி. சத்தியமூர்த்தி தலைமையில் மத்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தபோது 150க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அவற்றுள் கிடைத்த ஒரு மட்கல ஓட்டில் உயர்ந்த பெண்ணொருத்தி, கொக்கு, மான், முதலை, நெற்கதிர் ஆகியவை மண்ணை ஒட்டிப் புடைப்புருவங்களாகச் செய்யப்பட்டிருந்தன. அது மருதநிலக் காட்சி ஒன்றை மண்ணில் வரைந்துவைத்ததுபோல் அமைந்திருந்தது. அகழ்வாய்வின் அறிக்கை வெளிவர ஆண்டுகள் பலவாயின. மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் பொதுநல வழக்கு நடந்தபோதுதான், அங்கு எடுத்த இரு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்ற கணிப்பு 2019இல் தெரிவிக்கப்பட்டது.

ஸ்ரீவைகுண்டத்துக்கு அணித்தேயுள்ள சிவகளையில் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, தாழி ஒன்றினுள் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டது. இச்செய்தி 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதே ஊரில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இரும்பின் தொன்மையை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டுசெல்லும் அறிக்கையை 2025 சனவரியில் அரசு வெளியிட்டது. இதனைப் பற்றி அறிஞருலகம் இன்னும் நெடுநாள் விவாதிக்கும். எனினும் ஒன்று தெளிவு. பிடியளவு உமி தந்த செய்தியை, பேழை நிறையப் பொருள்கள் நூறாண்டாகத் தர இயலவில்லை. உமியைத் தாழியினுள் கண்டபடியே எடுத்ததுதான் வேறுபாட்டுக்குக் காரணம்.

திரும்பி வரும் வழி

ஊரைவிட்டுப் போவது ஸ்ரீவைகுண்டத்துக்குப் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டில் இவ்வூரில் பிறந்த குமரகுருபரர் காசி வரை சென்று மடம் கண்டார். அவர் சென்ற இடமெல்லாம் ஊரின் பெயரும் உடன் சென்றது. பொருள்களுக்கு அந்த வல்லமை இல்லை. அவற்றின் ஊரை, பக்கத்தில் வைக்கும் சிறு அட்டைதான் சொல்லவேண்டும். ‘ஆதிச்சநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்’ என்ற பழைய குறிப்பைக் காணும் வெளியூர்க்காரருக்கு, அம்மேட்டுக்கும் ஆற்றுக்கும் உள்ள உறவு புலப்படாது. 1986 முதல் அவ்வூர் இருப்பது தூத்துக்குடி மாவட்டத்தில் என்பதும் தெரியாது.

அண்மைக்காலத்தில் நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. 2020ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில், அகழ்விடத்திலேயே அருங்காட்சியகம் அமையவேண்டிய ஐந்து இடங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. 2021 அக்டோபரில் தொடங்கிய அகழ்வாய்வில், மறு ஆண்டு மீண்டும் ஒரு பொற்பட்டம் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 5ஆம் நாள் அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அகழ்ந்த குழிகளை மூடாமல், தாழிகளை இருந்தபடியே விட்டு, மேலே கண்ணாடி பதித்துப் பார்வையாளர் காணச் செய்திருப்பது அவ்விடத்தின் சிறப்பு. 2021இல் அறிவிக்கப்பட்ட பொருநை அருங்காட்சியகமும் திருநெல்வேலி ரெட்டியார்பட்டி மலைப்பகுதியில் எழுந்தது.

இந்நிலையில், ரீ அகழ்ந்தவை அனைத்தும் ஊருக்குத் திரும்பவேண்டும் என்ற குரல் இயல்பாகவே எழுகிறது. அதன் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் மறத்தலாகாது. அப்போது ஸ்ரீவைகுண்டம் தனித்தீவாயிற்று. செந்தூர் விரைவு வண்டி ஏறத்தாழ எண்ணூறு பயணிகளுடன் இவ்வூர் நிலையத்திலேயே சிக்கி நின்றது. மூவாயிரம் ஆண்டு கடந்த பொருளை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருவோர், மழைக்கும் ஈரத்துக்கும் அஞ்சாத கட்டடமும், இரும்பின் துருவையும் வெண்கலத்தின் களிம்பையும் நாள்தோறும் கவனிக்கும் வல்லுநரும் இருத்தல் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

அதுவரையிலும் செய்யத்தக்கவை உண்டு. எழும்பூர்ப் பொருள்களுள் சிறந்தவற்றை முறைவைத்துப் பரம்புக்குக் கொணர்ந்து சில மாதங்கள் காட்சிக்கு வைக்கலாம். எழும்பூரிலும் பெர்லினிலும் உள்ள அனைத்தையும் படத்துடன் ஒரே தமிழ்ப் பட்டியலாக்கி, பள்ளி மாணவரும் புரட்டிப் பார்க்க வகைசெய்யலாம். எழும்பூர்ப் பேழையின் அருகே பரம்பின் படமும், பரம்பின் கண்ணாடிக் குழியருகே எழும்பூர் வெண்கலத்தின் படமும் இருந்தால், ஓரிடம் கண்டவர் மற்றோரிடத்தை நாடுவர்.

ஹால் புளூமரின் தோட்டம் சிலருடைய இன்பத்துக்காக எழுந்து, எல்லோருடைய கல்விக்கும் உரியதாயிற்று. ஆதிச்சநல்லூர் மேடு இறந்தோருக்காக ஒதுக்கப்பட்டு, வாழ்வோருக்குத் தம் முன்னோரைக் காட்டும் இடமாயிற்று. தோட்டத்தில் உருவம் இருக்கிறது. மேட்டில் காலம் இருக்கிறது. வெண்கல எருமையை எழும்பூரில் கண்டு திரும்பிய ஸ்ரீவைகுண்டத்துக்காரர், ரயிலடியில் இறங்கி வீட்டுக்குப் போகும் முன், ஒரு நாழிகை ஒதுக்கிப் பரம்பின் மேலும் ஏறி நிற்கவேண்டும். அங்கிருந்து பார்த்தால் ஆறும் வயலும் தெரியும். வயலில் எருமையும் நிற்கும்.